பத்மாக்கா மக்சூம், முரளிதரன் சயிதி

டூங்கபி ரயில் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடையில், ஒரே டிரைவ்வேயின் இரு பக்கமும் எட்டு டவுன்ஹவுஸ்கள் நிற்கின்றன. நாலாம் இலக்கம் நிரஞ்சினியுடையது. வீட்டுப் பத்திரத்தில் அவளுடைய பெயரும் கணவன் யசோதரனுடைய பெயரும் இருக்கின்றன. நியாயப்படி அவளுடைய காதின் பெயரையும் சேர்த்திருக்க வேண்டும். அந்த வீட்டில் ஓய்வில்லாமல் உழைப்பது அதுதான்.

குசினி யன்னல் டிரைவ்வேயைப் பார்த்தபடி இருந்தது. மற்றவர்களென்றால் திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்ப்பார்கள். நிரஞ்சினிக்கு அந்தக் கேவலம் தேவைப்பட்டதில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டே, "முரளி வந்திட்டார், இண்டைக்கு வேளைக்கே," என்பாள். "நிரூபாவுக்கு இண்டைக்கும் ட்ரெயின் தவறப் போகுது," என்பாள். பின்னால் கதிரையில் இருந்து போனைத் தடவிக்கொண்டிருக்கும் யசோதரன், "ஓம், ஓம், பாப்பம்," என்பான். வீடு தீப்பிடித்தது என்று சொன்னாலும் அவன் அதைத்தான் சொல்வான்.

இதை வம்பு என்று சொல்பவர்கள் உண்டு. நிரஞ்சினி அக்கறை என்று சொல்வாள். மூன்று வருடத்துக்கு முன் எட்டு வீட்டுக்கும் பொதுவான ஸ்ட்ராட்டா கமிட்டியின் செயலாளராக அவளைத் தெரிவு செய்தபோது அந்த அக்கறை உத்தியோகபூர்வமும் ஆயிற்று. அதே வருடந்தான் அவள் அரபு இடுப்பு நடனம் பழகவும் போனாள். டொக்டர் தேகப்பயிற்சி செய்யச் சொன்னார். சமூக மண்டபத்தில் யோகா வகுப்பு நிரம்பிவிட்டது. வியாழக்கிழமை பின்னேரம் பெலி டான்ஸில் ஓர் இடம் இருந்தது. அவ்வளவுதான் கதை. டூங்கபி இரண்டு கிழமை கதைத்தது. பிறகு இரண்டாம் வீட்டுப் பத்மாக்கா ஒருநாள் கொடியில் காய்ந்த அந்த நீளப் பாவாடையைக் கையால் பிடித்துப் பார்த்து, "உதென்ன, எங்கடை சீலையைவிட மூடித்தானே கிடக்கு," என்று ஏமாற்றத்தோடு அறிவித்தாள். அத்தோடு விஷயம் செத்துப்போயிற்று.

ஆனால் நிரஞ்சினிக்கு விஷயம் அப்போதுதான் உயிர்த்தது. வகுப்பு நடத்திய நவால், அலெக்சாந்திரியாக்காரி, பகலில் மருந்துக்கடையில் வேலை. அவளுடைய கணவனின் தம்பி ஹானி, பகலில் குளியலறைகளுக்கு டைல் பதிப்பவன், பின்னேரத்தில் மடியில் தர்புக்காவைச் சரித்து வைத்துக்கொண்டு வாசிப்பான். பூச்சாடியைக் கிடத்தி அதன் வாயில் தோல் கட்டியது போன்ற மேளம் அது. நடுவில் அடித்தால் டும். விளிம்பில் அடித்தால் டக். அந்த இரண்டை வைத்துக்கொண்டு அவன் மண்டபத்தில் இருந்த பதினாலு பெண்களின் இடுப்பையும் தன் இஷ்டத்துக்குத் திருப்புவான்.

ஒவ்வொரு ஒக்டோபரிலும் மெரிலாண்ட்ஸில் ஒரு மண்டபம் எடுத்து ஹஃப்லா நடக்கும். சாப்பாடும் ஆட்டமுமாக ஒரு பின்னேர விருந்து. அதில் ஒருத்திக்கு மட்டும் தனியாட்டம். பாட்டு இல்லை, பதிவு இல்லை. மேளக்காரனும் அவளும் மட்டும். நிரஞ்சினிக்கு அது வேண்டும். மூன்று வருடமாக அவள் இரண்டாம் வரிசையில், ஆறடி உயரமான ஒரு பல் வைத்தியரின் முதுகுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தாள். யசோதரன் எடுத்த வீடியோக்களில் அவளைக் காட்டுவது ஒரு முழங்கை மட்டும். மகளின் அரங்கேற்றத்தையும் அவள் திரைக்குப் பின்னால் நின்று, வாயில் ஊக்குகளைக் கவ்விக்கொண்டுதான் பார்த்தாள். மேடையின் முன்பக்கம் எப்படி இருக்கும் என்று அறிய அவளுக்குப் பொல்லாத ஆசை. எட்டு வீட்டு உள்விஷயமும் தெரிந்தவளுக்கு இது ஒன்று மட்டும் தெரியாமல் இருப்பது பொறுக்கவில்லை.

தனியாட்டத்துக்கு நவால் ஒரு விதி வைத்திருந்தாள். ஹானி ஐந்து தாளங்களை மாற்றி மாற்றி வாசிப்பான். கேட்ட உடனே பெயர் சொல்லி, அதற்கு நடந்து காட்ட வேண்டும். மூன்று தடவை முயலலாம். மூன்றிலும் தவறினால் ஆட்டம் அடுத்தவருக்கு. அடுத்தவர் பல் வைத்தியர்.

முதல் தடவை நிரஞ்சினி கையைத் தொடையில் தட்டினாள். சின்ன வயதில் ஆறு வருடம் பரதம் பழகிய கை. மேளம் கேட்டால் தானாகவே தட்டி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணத் தொடங்கிவிடும். எண்ணி முடித்து, "எட்டு," என்றாள்.

"இதுவும் எட்டுத்தான், முதல் வாசித்ததும் எட்டுத்தான், இனி வாசிக்கப் போவதும் எட்டுத்தான்," என்றாள் நவால். "ஒரு வீட்டில் மூன்று சகோதரிகள். ஒவ்வொருத்தியாக வருகிறாள். நீ வாசலில் நின்று, பெண், பெண், பெண் என்கிறாய். எவள் வந்தாள் என்று சொல்."

மக்சூம், பலதி, சயிதி என்பவைதான் அந்தச் சகோதரிகள். மூன்றுக்கும் நீளம் ஒன்று. டும் எங்கே விழுகிறது என்பதில்தான் ஆள் மாறும். நாலாவது மல்ஃபூஃப், ஓட்டமும் நடையுமான தாளம். ஐந்தாவது சமாயி, பத்து எண்ணிக்கை, ஆறுதலானது, பழைய பாட்டுகளுக்கு வாசிப்பது.

இரண்டாம் தடவை நவால், காசு தைத்த இடுப்புத் துண்டால் அவளுடைய கைகளைப் பின்னால் கட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகப் போவது போலிருந்தது. பிறகு ஹானி வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். "காலைப் பார், நவால். கால் பெருவிரல்." நிரஞ்சினியின் பெருவிரல் எண்ணிக்கொண்டிருந்தது.

சமாயியில் வேறு கூத்து. பத்து என்று கேட்டதும் அவளுக்கு உச்சி குளிர்ந்தது. பத்தென்றால் இரண்டு ஐந்து. ஐந்தென்றால் கண்டசாப்பு, அது அவளுக்குத் தூக்கத்திலும் வரும். தக தகிட, தக தகிட என்று கம்பீரமாக நடந்தாள். ஆனால் சமாயியின் முதல் ஐந்தில் நீளமானது முன்னால், குட்டையானது பின்னால். அடுத்த ஐந்து கண்ணாடியில் பார்த்தது போல மறுபுறம். தகிட தக, தக தகிட. நவால் அதைப் பலகையில் எழுதியே காட்டியிருந்தாள். எழுதினால் விளங்கிற்று, நடந்தால் போயிற்று. இரண்டாம் சுற்றில் மேளம் தரையிறங்கியபோது நிரஞ்சினி ஒற்றைக்காலில், கை பின்னால் கட்டுண்டபடி, பொலிஸ் பிடித்த நாட்டியக்காரி மாதிரி நின்றாள். பல் வைத்தியர் மிகுந்த அனுதாபத்தோடு தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அந்த அனுதாபத்தைத்தான் நிரஞ்சினியால் மன்னிக்க முடியவில்லை.

மூன்றாம் தடவைக்கு இரண்டு கிழமை இருந்தது.

புதன்கிழமை அவளுக்கு வேலை இல்லாத நாள். குசினி மேசையில் ஸ்ட்ராட்டா கூட்டத்துக்கான அறிவித்தலை அச்சடித்து வைத்துவிட்டு, கறிக்குப் போஞ்சிக்காய் முறித்துக்கொண்டிருந்தாள். ஹானி அனுப்பிய ஒலிப்பதிவுகளை போனில் போட்டிருந்தாள். மனம் போஞ்சியிலும், மூன்றாம் வீட்டு முரளிதரன் ஏன் இந்த நேரத்தில் வீட்டில் நிற்கிறான் என்பதிலும் இருந்தது.

"வாங்கோ பத்மாக்கா, கதவு சும்மாதான் சாத்திக் கிடக்கு," என்றாள்.

யாரும் வரவில்லை.

"பத்மாக்கா, தள்ளுங்கோ."

கதவைத் திறந்து பார்த்தாள். வாசலில் ஒரு மைனாதான் நின்றது. உள்ளே போன் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. டும் டக், டக் டும், டக். உள்ளங்கையால் ஒன்று, விரல் மொழியால் இரண்டு, மறுபடி உள்ளங்கை, கடைசியில் மொழியால் ஒன்று. பத்மாக்காவின் தட்டு. திரையில் 'மக்சூம்' என்று எழுதியிருந்தது.

நிரஞ்சினி கையில் போஞ்சியோடு அப்படியே கதிரையில் அமர்ந்தாள். கை எண்ணவில்லை. பெருவிரலும் எண்ணவில்லை. எவள் வந்தாள் என்று சொல் என்றாளே நவால்; அதுதானே இருபது வருடமாக அவள் செய்துவரும் தொழில்.

அடுத்த பதிவைப் போட்டாள். டும் டக், டும் டும், டக். சப்பாத்தின் இரும்பு மூக்கோடு படியிறங்குகிற முரளிதரன். மின்சார வேலைக்காரன், பாதிப் படியில் எதையோ மறந்துவிட்டு இரண்டு மொத்து மொத்தி நின்றுவிட்டுத்தான் இறங்குவான். சயிதி. அதற்கடுத்தது டும் டும், டக் டும், டக். இதற்கு யன்னல் வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஓம் ஓம், பாப்பம், என்ன. கட்டின புருஷன். பலதி. மல்ஃபூஃப் தொடங்கி இரண்டாம் சுற்று வருமுன்னே கோப்பியும் மடிக்கணினிப் பையுமாக ஓடுகிற ஆறாம் வீட்டு நிரூபா மணக்க மணக்க வந்து நின்றாள்.

சமாயி மட்டும் யாருமாக இல்லை. எட்டு வீட்டையும் மனதுக்குள் நடக்கவிட்டுப் பார்த்தாள். ஒருவரும் பத்தில் நடக்கவில்லை. மறந்துபோகுமுன் கைக்கெட்டிய தாளில், அதாவது அறிவித்தலின் பின்பக்கத்தில், எழுதி வைத்தாள்:

பத்மாக்கா – மக்சூம். கதவு தட்டு. உள்ளுக்கு ஆர் நிக்கினம் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் தட்டுறது.
முரளி – சயிதி. நடுவிலை ரெண்டு மொத்து.
யசோ – பலதி. முதலிலேயே ரெண்டு ஓம். பிறகு ஒண்டும் நடவாது.
நிரூபா – மல்ஃபூஃப். 7.42 ட்ரெயின்.
பத்து – ஆர்? ஒருத்தரும் சரிவரேல்ல.

வெள்ளிக்கிழமை நூலகத்தில் எட்டுப் பிரதி எடுத்தாள். அந்த இயந்திரம் காகிதத்தை மிச்சம் பிடிக்கிற நல்ல இயந்திரம்; கேட்காமலே இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுக்கும். நிரஞ்சினி பிறத்தியார் விஷயத்தை இரண்டு பக்கமும் பார்க்கிறவள். தன் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. எட்டுத் தபாற்பெட்டியிலும் போட்டுவிட்டு, கடமை முடிந்த மகிழ்ச்சியில் தேத்தண்ணி குடித்தாள்.

ஞாயிறு நாலு மணிக்குக் கூட்டம், அவளுடைய வரவேற்பறையில். தமிழ் தெரியாத மூன்று வீடுகளில் இரண்டு வீட்டார் வரவில்லை. ஏழாம் வீட்டுப் பிலிப்பினோ நர்ஸ் மட்டும் வாசலில் நின்று, வரமுடியாதென்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, முரளிக்கு ஏதும் ஆபத்தா என்று கேட்டாள். அவளுடைய போன் தாளை மொழிபெயர்த்தபோது, 'முரளி, நடுவில் இரண்டு அடி விழும்' என்று வந்ததாம். இரவெல்லாம் யோசித்தாளாம், பொலிசுக்குச் சொல்வதா வேண்டாமா என்று.

நிரஞ்சினி தாளைத் திருப்பிப் பார்த்தது அப்போதுதான்.

உள்ளே திரும்பினால் எல்லோர் மடியிலும் தாள் இருந்தது. எல்லோர் மடியிலும் பின்பக்கம் மேலே இருந்தது. பத்மாக்கா கண்ணாடியைப் போட்டாள்.

"முதலாவது விஷயம், சிவப்பு மூடிக் குப்பை பின்," என்றாள் நிரஞ்சினி.

"பின் இருக்கட்டும்," என்றாள் பத்மாக்கா. "உள்ளுக்கு ஆர் நிக்கினம் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் தட்டுறது. இதுக்கு என்ன கருத்து, நிரஞ்சினி?"

"அக்கா, அது ஒரு தாளம்."

"எனக்கு வாசிக்கத் தெரியும். நான் தாளமோ?"

"நடுவில ரெண்டு மொத்து எண்டு ஆர் சொன்னது?" என்றான் முரளிதரன். "நான் படியில பூனை மாதிரி இறங்குறனான்."

"அண்ணா, உங்க பூனைக்கு ஷூ மாட்டி விட்டிருக்காங்க போல," என்றாள் நிரூபா. திருச்சிக்காரி; பெருமூச்சு விட்டபடியே சிரிக்கக்கூடியவள். "ஆறாவது வீட்டுல எங்க படுக்கையறைச் சுவரே அதிருது."

"நீர் பேசாதையும். நீர் ஏதோ மல்ஃபூஃபாம்."

"ஆமா, 7.42 தான. அதுல பொய் இல்லையே."

யசோதரன் தொண்டையைச் செருமினான். குடும்ப மானத்தைக் காக்கும் நேரம் வந்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ஓம், ஓம்," என்று தொடங்கினான். நிரூபா வாயைப் பொத்திக்கொண்டாள். யசோதரன் அத்தோடு நிறுத்தி, தாளை இன்னொரு தரம் வாசித்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டான்.

முரளிதரன் மட்டும் விடுவதாயில்லை. வாசலில் கழற்றி வைத்த சப்பாத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு, நிரஞ்சினி வீட்டு மரப்படியில் மேலே ஏறினான். "எல்லாரும் கேளுங்கோ," என்று சொல்லிவிட்டு இறங்கினான். தன்னால் இயன்ற அளவு பூனையாகத்தான் இறங்கினான். பாதிப் படியில், தாளில் என்ன எழுதியிருந்தது என்று யோசித்தானோ என்னவோ, நின்றான். டும் டும். பிறகு மிச்சத்தை இறங்கினான். கீழே வந்து ஒருவர் முகத்தையும் பார்க்காமல் சப்பாத்தைக் கழற்றினான். "படி சரியில்ல," என்றான்.

அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. பத்மாக்காவைத் தவிர. அவள் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"நல்லது. நான் இனி உம்மடை கதவைத் தட்டேல்ல."

பத்மாக்கா தட்டாவிட்டால் டிரைவ்வேயின் கீழ்ப்பாதிச் செய்தி ஒன்றும் மேலே வராது. அது ஒரு பக்கம், மக்சூமும் போய்விடும். ஆகவே நிரஞ்சினி எல்லாவற்றையும் சொன்னாள். நவாலின் விதி, கை கட்டியது, பெருவிரல், ஒற்றைக்கால், பல் வைத்தியர், தண்ணீர்ப் போத்தல். "அக்கா, வாற வியாழன் கடைசித் தடவை. எண்ணினால் எனக்குப் பிழைக்குது. உங்களை நினைச்சால் மட்டுந்தான் சரியா வருது."

பத்மாக்கா கைப்பையைத் திறந்து தாளை மறுபடி விரித்தாள்.

"அப்ப நான் இல்லாட்டி நீர் பெயில்."

"பெயில்."

"முதலாவதாப் போட்டிருக்கிறீர் என்னை."

"மக்சூம்தான் எல்லாத்துக்கும் தாய் எண்டு நவால் சொல்லுவா."

"ம்," என்றாள் பத்மாக்கா. எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கதவு தட்டுப்பட்டது. டும் டக், டக் டும், டக். பத்மாக்கா தலையை நீட்டி, "சரியோ? இன்னொருக்காத் தட்டோணுமோ?" என்றாள்.

இதையெல்லாம் மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் எட்டாம் வீட்டுச் சுப்பையாவும் மனோரமாவும். ஈப்போவிலிருந்து பிள்ளைகளோடு இருக்க வந்த ஓய்வுபெற்ற தம்பதி. ஜூன் மாதம் சுப்பையாவுக்கு முழங்கால் ஒப்பரேஷன் நடந்தது.

"என்னம்மா, எல்லாரும் இருக்காங்க," என்றார் சுப்பையா. "எங்க ரெண்டு பேர் பேரக் காணோமே."

"நாங்க மட்டும் காத்துல பறந்தா வர்றோம்?" என்றார் மனோரமா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் மனத்தாங்கல் இல்லாமல் இல்லை. எட்டு வீட்டுப் பகிடியில் இடமில்லாமல் போவது, அதில் மாட்டிக்கொள்வதைவிட மோசம்.

"அன்ரி, அங்கிள் இப்ப நடக்கிற விதம் மாறிப்போச்செல்லே. எனக்குப் பிடிபடேல்ல," என்றாள் நிரஞ்சினி. உண்மையும் அதுதான். ஜூனுக்குப் பிறகு அவரை அவள் கணக்கிலிருந்து தள்ளி வைத்திருந்தாள்.

குப்பை பின் பிரச்சினை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிற்று. எல்லோரும் எழுந்தார்கள். சுப்பையாவும் மனோரமாவும் டிரைவ்வேயில் இறங்கி எட்டாம் இலக்கத்தை நோக்கி நடந்தார்கள். நிரஞ்சினி தேத்தண்ணிக் கோப்பைகளைக் குசினித் தொட்டிக்குள் போட்டாள்.

போட்ட கை அப்படியே நின்றது.

சுப்பையாவின் நல்ல கால் ஊன்றியது, டும். அதன் மேல் முழு உடம்பும் ஒரு கணம் தங்கியது. பிறகு ஊன்றுகோல், டக். பின்தங்கிவிட்ட மனோரமா அவரைப் பிடிக்கச் சின்னதாக இரண்டு அடி வைத்தார், டும் டும். மறுபடி ஊன்றுகோல், டக். இருவரும் சேர்ந்து நின்று மூச்சு வாங்கினார்கள். பிறகு திரும்பவும் நல்ல கால்.

சமாயிக்கு நிரஞ்சினி ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள். அது ஒரு ஆள் இல்லை. இருவர். நீளம் குட்டை அவருடையது, குட்டை நீளம் அவர் மனைவி பக்கம்.

ஈரக்கையோடு ஓடினாள். "அங்கிள், நில்லுங்கோ. திரும்பி வந்து இன்னொருக்காப் போங்கோ."

"என்னத்த விட்டுட்டோம்?" என்றார் மனோரமா.

"ஒண்டையும் விடேல்ல அன்ரி. கதைக்காமல் நடவுங்கோ, காணும்."

டிரைவ்வேயில் மூன்று தரம் அவர்களை மேலும் கீழும் நடக்க வைத்தாள். மற்றவர்கள் வாசல்களில் நின்று பார்த்தார்கள். பத்மாக்காவின் கை பழக்கதோஷத்தில் தொடையில் ஆதிதாளம் போடத் தொடங்கிற்று. நிரஞ்சினி அதைப் பிடித்துக் கீழே விட்டாள். "எண்ணாதையுங்கோ அக்கா. பாருங்கோ." மூன்றாம் தரம் அவள் அந்த இருவருக்கும் பின்னால், அவர்களுடைய நடையிலேயே, ஒரு பிழையுமில்லாமல் எட்டாம் இலக்கம் வரைக்கும் நடந்து போனாள். சுப்பையா வாசற்கதவைத் திறந்துகொண்டே, "இப்ப எங்க பேரையும் எழுதிருவேல்ல?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை நவால் துண்டை எடுத்து வந்தாள். "கட்டத் தேவையில்லை," என்றாள் நிரஞ்சினி.

ஹானி தொடங்கினான். இரண்டு சுற்று வருமுன்னே அவள் சொன்னாள்: "பத்மா."

மேளம் நின்றது. "அது யார்?" என்றாள் நவால்.

"மன்னிக்கவும். மக்சூம்." சொல்லிக்கொண்டே நடந்தாள், வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவளின் தோரணையில். ஹானி புருவத்தை உயர்த்திவிட்டு மாற்றினான். "முரளி. சயிதி." மாற்றினான். "என் கணவன்." அதற்கு நடந்தபோது மண்டபத்தில் கல்யாணமான அத்தனை பெண்களும் அந்த ஆளை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்கள். நிரூபாவுக்கு ட்ரெயின் தவறவில்லை. கடைசியில் ஹானி நேரம் எடுத்து, மேளத்தை மடியில் சரிசெய்து, சமாயியை மெதுவாக விட்டான். நிரஞ்சினி கொஞ்சம் நின்று கேட்டாள். பிறகு மண்டபத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, இருவராக நடந்து போனாள். மறுகரையில் நின்று மூச்சு வாங்கினாள். மேளமும் அங்கேயே வாங்கிற்று.

நவால் துண்டை அவளுடைய இடுப்பில் கட்டிவிட்டாள். பல் வைத்தியர் வந்து கட்டிப்பிடித்தார். இம்முறை அதில் அனுதாபம் இல்லை. நிரஞ்சினி அவரை மன்னித்துவிட்டாள்.

ஹஃப்லாவுக்கு எட்டு வீடும் வந்தது. நடனத்தில் திடீர் ஈடுபாடு வந்துவிட்டதென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொருவரும் தங்களைப் பார்க்க வந்தார்கள். பத்மாக்கா காஞ்சிபுரம் கட்டியிருந்தாள். பிலிப்பினோ நர்ஸ் முரளிதரனுக்குப் பக்கத்தில் பாதுகாப்பாக அமர்ந்துகொண்டாள். யசோதரன் வீடியோ எடுக்க முன்வரிசையைப் பிடித்திருந்தான்.

மேடையில் ஒரு கதிரை, அதில் ஹானி. எதிரே நிரஞ்சினி. அவளுக்கு முன்னால் ஒரு முதுகும் இல்லை. முன்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள்: முகங்கள். இருநூறு முகம், எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டு. பிறத்தியாரைப் பார்த்தே பழகிய அவளுக்கு அது ஒரு விசித்திரமான, கூச்சமான, மிகவும் ருசியான சங்கதியாக இருந்தது.

மேளம் கதவைத் தட்டியது. அவளுடைய இடுப்பு கதவைத் திறந்தது. நாலாம் வரிசையில் பத்மாக்கா, அக்கம்பக்கத்து லெபனான்காரிகளுக்கும் கேட்கட்டும் என்று, "அது நான்," என்றாள். சயிதி வந்தபோது நிரஞ்சினி பாதியில் நின்று இரண்டு மொத்து மொத்தினாள். இடுப்புக் காசெல்லாம் குதித்தது. நர்ஸ் கைதட்ட, முரளிதரன் எழுந்து நின்று தலை குனிந்து ஏற்றுக்கொண்டான். பலதிக்கு யசோதரன் தானாகவே "ஓம், ஓம்," என்றது வீடியோவில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. சமாயியில் மண்டபம் அடங்கிற்று. சுப்பையா மனைவியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தெரியாதவர்களுக்கு அது அழகான பழைய தாளம் ஒன்று, அவ்வளவுதான்.

அத்தோடு முடிய வேண்டும். நவால் விளக்குக்காரனுக்குக் கையைக்கூடக் காட்டிவிட்டாள். ஆனால் ஹானிக்கு அன்று உற்சாகம் தலைக்கேறிவிட்டது. நிரஞ்சினியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, அவள் கேட்டே இராத ஒன்றைத் தொடங்கினான். துள்ளித் துள்ளி மூன்று அடி வைத்து, நாலாவதை மட்டும் கொஞ்சம் நீட்டி இழுக்கிற தாளம்.

அவள் நின்றாள். யார் இது? டிரைவ்வேயை ஒருமுறை மனதுக்குள் ஓடிப் பார்த்தாள். இல்லை. ஸ்டேஷன், கோயில், கறிக்கடை. இல்லை. எண்ணலாமா என்று வலது சுண்டுவிரல் மெல்ல அசைந்தது. அதே நேரம் அந்த ஆள், யாராயிருந்தாலும், நாலாவது அடியில் இடுப்பை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போவது காதில் விழுந்தது. இப்படியொருவரை யாரென்று பார்க்காமல் விடுவது எப்படி? இரண்டு சுற்று அவள் தோளை மட்டும் அசைத்து ஒட்டுக்கேட்டாள். மூன்றாம் சுற்றில் பின்னால் போனாள். நாலாம் சுற்றில் பக்கத்தில் போய்ச் சேர்ந்து நடந்தாள். அதன் பிறகு யார் யாருக்குப் பின்னால் போனது என்று சொல்ல முடியாது. ஹானி வேகத்தைக் கூட்டினான், அவளும் கூட்டினாள். அவன் நிறுத்தப் பார்த்தான், அவள் நிற்கவில்லை, அவன் திரும்பவும் தொடங்க வேண்டியதாயிற்று. லெபனான்காரிகள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். அதைக் கேட்டு டூங்கபிக்காரர்களும் தங்களுக்குத் தெரிந்தபடி போட்டார்கள்.

இறங்கி வந்தபோது அவளுக்கு மூச்சு இரைத்தது. எட்டு வீடும் அவளைச் சுற்றிக்கொண்டது. வாழ்த்துச் சொல்லவெல்லாம் பத்மாக்காவுக்கு நேரமில்லை.

"கடைசியா வந்தது ஆர்?"

"தெரியாது அக்கா."

"உமக்குத் தெரியாதோ?"

"சத்தியமாத் தெரியாது. நல்ல ஆள் போல கிடக்கு."

மேளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஹானி அவர்களைக் கடந்து சாப்பாட்டு மேசைப் பக்கம் போகப் பார்த்தான். நிரஞ்சினியும் பத்மாக்காவும் ஆளுக்கொரு பக்கமாக வழியை மறித்தார்கள்.

"பெயர் கர்ஷிலாமா," என்றான் ஹானி. "ஒன்பது."

"ஒன்பது கிடக்கட்டும்," என்றாள் நிரஞ்சினி. "எந்த ஊர்?"

"துருக்கிப் பக்கம்."

"ஓ," என்றாள் பத்மாக்கா, கண்ணாடியைத் தேடி எடுத்தபடி. "தனி ஆளோ, குடும்பத்தோடையோ எண்டு கேளும்."